உமிரி வேகவைத்த தண்ணீர்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். என்னோடு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் மூன்று பேர். புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சர்வர் கேட்காமலே நாலு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். “உமிரிக்கீரை சூப் மேடம், எங்க ஸ்பெஷல். ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லதுங்க” என்றார். ஆவி மூக்கில் ஏறியது. கழிச்சேறும் வெந்த பச்சையும் கலந்த அதே வாடை. மற்றவர்கள் உறிஞ்சிக் குடித்துவிட்டு அருமை என்றார்கள். நான் ஒரு வாய் கூடச் சாப்பிடாமல் எழுந்து கை கழுவப் போனேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீங்கள் போய் ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. வேலை, குழந்தைகள், வீடு மாற்றம் என்று சாக்குக்கா பஞ்சம்? இன்று எழுதுகிறேன். நடுவில் பூசி மெழுகப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதற்கான மூளை உங்களுக்கு உண்டு.

நாம் பழகியது ஒரு சண்டையில். 2005 பிப்ரவரி. சுனாமி வந்து இரண்டு மாசம் கூட ஆகவில்லை. மரக்காணம் உப்பளத்தில் சேறும் குப்பையும் வாரிக் கொட்டிவிட்டுப் பாத்திகளை மறுபடியும் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் புதுச்சேரியில் எம்.ஃபார்ம் படித்துக்கொண்டிருந்தேன். பலவீனமான இதயத்துக்கு வலு கொடுக்கும் பொருள் ஏதாவது நம் கடலோரச் செடிகளில் இருக்கிறதா என்று தேடுவது என் ஆய்வு. வரப்போரம் கொத்துக் கொத்தாய் முளைத்துக் கிடந்த உமிரியைப் பார்த்ததும் பிளாஸ்டிக் பையும் கத்தரிக்கோலுமாக நேராக நடந்து போனேன், ஈரப் பாத்தியின் நடுவே.

“ஏம்மா! செருப்போட எங்க வர்ற? ரெண்டு நாளா மிதிச்ச பாத்தி அது! உங்கூட்டு ஹால்ல நான் சேத்துக் காலோட வந்தா சும்மா இருப்பியா?”

பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் ஒவ்வொரு அடியும் குழி குழியாகப் பதிந்திருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதைப் பார்த்ததும் உங்கள் குரல் இறங்கிவிட்டது. என் குழிகளை நீங்களே மறுபடி மிதித்துச் சமன் செய்தீர்கள். அப்புறம் எந்த வரப்பில் இளசாக இருக்கும் என்று காட்டி, பாதிப் பையை நீங்களே பறித்து நிரப்பினீர்கள். “ஆடு கூட இம்மாம் தின்னாது, நீ இன்னா பண்ணப் போற?” என்று கேட்டீர்கள். தவளையின் இதயத்தை எடுத்து, அது துடித்துக்கொண்டிருக்கும்போதே செடியை வேகவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டுப் பார்ப்போம் என்றேன். துடிப்பு ஏறினால் அந்தத் தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குத் தவளைக்காரி.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்தேன். செடி பறிக்க அத்தனை தடவை வரவேண்டிய அவசியமே இல்லை. ஹாஸ்டல் சாப்பாட்டை விட உங்கள் வீட்டுச் சாப்பாடு நன்றாக இருந்தது, அதுதான் நிஜம். வீட்டில் நீங்களும் பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் சுமதியும்தான். கை நனைக்காமல் என்னை ஒருநாளும் நீங்கள் அனுப்பியதில்லை. உமிரியை நீங்கள் சமைப்பதை அப்போதுதான் பார்த்தேன். அலசி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் வேகவைத்து, அதையும் கொட்டி, பிழிந்தெடுத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்குவீர்கள். “ரெண்டு தண்ணி கொட்டினாத்தான் வாயில வைக்க முடியும். இல்லாட்டி கடலைக் குடிச்ச மாதிரி இருக்கும்” என்றீர்கள். அதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் இவ்வளவு அழகாகவா எழுதியிருக்கிறேன் என்று தோன்றும் அளவுக்குத் திருத்தமான கையெழுத்து.

சித்திரையில் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உப்புக் கூடையோடு வரப்பில் ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று சுமதி சொன்னாள். வெயில் என்று நீங்கள் சொன்னீர்கள். கால் வீங்கியதற்கு, உப்புத் தண்ணீரில் நிற்கிற எல்லோருக்கும் வீங்கத்தான் செய்யும் என்றீர்கள். கடைசியில் புதுச்சேரிக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில் இதயம் வலுவாகச் சுருங்கவில்லை, அதனால் உடம்பில் நீர் தங்குகிறது என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டில் உப்பே சேர்க்கக் கூடாது, ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். உப்பளத்துக்காரிக்கு உப்பு கூடாதா என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, அதில் எழுதியிருந்த ஒன்றைக் கூட நீங்கள் அப்புறம் வாயில் வைக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு மணம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவீர்கள். “சுமதி பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் நான் நிக்கணும்மா. அதுக்கப்புறம் எது வந்தாலும் வரட்டும்” என்று சொன்னீர்கள்.

அந்த வைகாசியில்தான் என் வாய் நீண்டது.

மாத்திரை அட்டைகளை என்னிடம் கொடுத்து எது எதற்கு என்று கேட்டீர்கள். இது நீர் பிரிவதற்கு, இது இதயத்துக்கு வலு கொடுப்பதற்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைக் கையில் எடுத்ததும் கல்லூரி மேடையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். இந்த மாத்திரை ஒரு செடியிலிருந்து வந்தது என்றேன். வெளிநாட்டில் வளரும் ஒரு பூச்செடியின் இலை. நம் அரளியில் கூட அதே வகைப் பொருள்தான் இருக்கிறது என்றேன்.

“அரளியத் தின்னா ஆளே போயிடுவாங்க. நீ அதுல போய் மருந்துங்கற?”

“அளவுதான்க்கா விஷயம். நம்ம ஊரு செடியிலயே இந்த மாதிரி ஒண்ணு கண்டுபிடிச்சிட்டா வெளிநாட்டுச் செடியே வேணாம்.”

“எந்தச் செடில?”

உமிரியில்தான் என்றேன். அந்த வாரம்தான் முதல் முறையாக என் தவளை இதயம் அந்தத் தண்ணீருக்கு எம்பித் துடித்திருந்தது. புகையில் கருக்கிய தாளில் துடிப்பைப் பதியும் கோடு உயர உயரப் போனதைப் பார்த்து நான் ஆய்வகத்தில் கை தட்டியிருக்கிறேன். ஒரே ஒரு தவளை, ஒரே ஒரு நாள். அதை வைத்துக்கொண்டு உங்களிடம், “கிட்டத்தட்ட கிடைச்சிடுச்சுக்கா” என்றேன். நீங்கள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் இரண்டு மாசம் என் வேலை மும்முரத்தில் வரவில்லை. ஆடி முடிந்து வந்தேன். முகம் உப்பியிருந்தது, கால் முன்னை விட மோசம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. “ஒரு வேளை உட்டதில்ல. உப்ப நான் தொடறதே இல்ல, சுமதியக் கேளு. நீ சொன்னதையும் உடாம குடிக்கறேன்” என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். அடுப்பங்கரையிலிருந்து பெரிய டம்ளர் நிறைய எடுத்து வந்து காட்டினீர்கள். பச்சை கலங்கிய, இளஞ்சூடான தண்ணீர். உமிரி வேகவைத்த முதல் தண்ணீர்.

“முன்ன எல்லாம் இதக் கொட்டிடுவேன், பைத்தியக்காரி. மருந்து தண்ணிலதான எறங்குதுன்னு நீ சொன்னல்ல? காலைல ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு. கீரையவும் பிழியாம அப்படியே சாப்பிடறேன். உப்பே போடறதில்ல, ஆனா உப்பு போட்ட மாதிரியே இருக்குது. உப்பு இல்லாம தின்னறதுக்கு எனக்குன்னே சாமி குடுத்த செடி இது.”

அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “எங்க தவளைக்காரி கண்டுபிடிச்ச மருந்து” என்று அவர்களிடம் என்னைக் காட்டினீர்கள்.

நான் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். கடலைக் குடித்த மாதிரிதான் இருந்தது. நான் மருந்தியல் படித்தவள். அது என்னவென்று தெரிய எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. டாக்டரின் தாளில் உமிரி என்ற சொல் இல்லை, அவருக்கு அப்படி ஒரு கீரை இருப்பதே தெரிந்திருக்காது. தெரிந்தவள் நான் ஒருத்தி. இரண்டு தண்ணீரையும் ஏன் கொட்டுகிறார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதியவள். அப்போதே அந்த டம்ளரை வாசலில் கொட்டியிருக்க வேண்டும். அக்கா, இது உப்பு, இதைக் குடித்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து, நான் அன்று சொன்னது வெறும் ஜம்பம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தோன்றியது எனக்கு.

“கொஞ்சமாக் குடிங்கக்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே ஒரு சமாதானம் தயார் செய்துகொண்டேன். நிஜமாகவே அதில் மருந்து இருந்தால்? உப்பு செய்யும் கெடுதலை அந்த மருந்து சரிக்கட்டிவிட்டால்? படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் நினைக்க வரும்.

அடுத்த வாரம் என் பேராசிரியர் கோடுகளைப் பார்த்துவிட்டு, “இந்தச் செடியை எரிச்சுச் சாம்பலாக்கி, சாம்பலைக் கரைச்சு விட்டுப் பாத்தியாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “முதல்ல அதைப் பண்ணு” என்றார். செடியின் மருந்துப் பொருள் எதுவானாலும் தீயில் கருகிப் போய்விடும், உப்பும் சுண்ணாம்பும் மட்டும்தான் சாம்பலில் மிஞ்சும். எரித்தேன், கரைத்தேன், வடிகட்டிச் சொட்டு விட்டேன். அதே துடிப்பு, அதே உயரம், ஒரு கோட்டின் மேல் இன்னொன்றை வைத்து வரைந்த மாதிரி. இன்னும் நாலு தவளைகளில் பார்த்தேன், மாற்றமே இல்லை. நான் கண்டுபிடித்தது உப்பளத்துச் செடியில் உப்பு இருக்கிறது என்பதைத்தான். பேராசிரியர் கோபிக்கவில்லை. இதுவும் ஒரு முடிவுதான், அப்படியே எழுது என்றார். அவரிடம் என் குட்டு வெளிப்பட்டதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. உங்களிடம் வெளிப்பட வேண்டுமே என்பதுதான் பயமாக இருந்தது.

மரக்காணத்துக்கு ஒரு மணி நேர பஸ் அக்கா. உங்கள் தெருமுனைக் கடையின் போன் நம்பர் என் நோட்டின் அட்டையிலேயே இருந்தது. இரண்டு தடவை டயல் செய்தேன். முதல் தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை கடைக்காரர் எடுத்து, “யாரு, யாரு வேணும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ராங் நம்பர் என்றேன். ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான் தலை காட்டவில்லை. அந்த ஒவ்வொரு நாளும் நீங்கள் காலையில் ஒரு டம்ளர், பொழுது சாய ஒரு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தே மெஸ்ஸில் சாப்பிட்டேன், தோழிகளோடு கடற்கரைக்குப் போனேன், தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் புதுப் புடவை கட்டினேன்.

கார்த்திகையில் சுமதி ஹாஸ்டலுக்குப் போன் செய்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நீங்கள் வரமுடியுமா என்றாள். வந்தேன். படுக்கையின் தலைமாட்டை உயர்த்தி உங்களைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினீர்கள்.

“வாடி தவளைக்காரி. பரீட்ச முடிஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“இளைச்சிட்டியே. ஒழுங்கா சாப்பிடறதில்லியா?”

நான் உங்கள் காலடியில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுமதி தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, என்னையே பார்த்தபடி கேட்டீர்கள்.

“தவள இன்னா சொல்லுது? எதாவது தெரிஞ்சிச்சா?”

“நல்லா இருக்குதுக்கா. நல்லாத்தான் போயிட்டு இருக்குது” என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். பஸ் போய்விடும், கிளம்பு என்றீர்கள். கிளம்பிவிட்டேன்.

தை பிறந்து பாத்தி மிதிக்க ஆள் கூப்பிடும் சமயத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். சுமதிக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாசம் இருந்தது. காரியத்துக்கு வந்திருந்தேன். எல்லோர் முன்னாலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எவ்வளவோ பாத்தீங்கக்கா” என்று அழுதாள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். இலை போட்டார்கள், உட்கார்ந்து சாப்பிட்டேன். என் ஆய்வேட்டில் சாம்பல் சமாசாரத்தைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் அடக்கி, மேலும் ஆராய வேண்டும் என்று முடித்தேன். நன்றியுரையில் பேராசிரியர், பெற்றோர், தோழிகள் எல்லோர் பெயரும் இருக்கிறது. உங்களை மட்டும் பகுதி மக்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஓட்டலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அன்று சாயங்காலமே சுமதியின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். கீழ்புத்துப்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பால்வாடியில் வேலை. பிளஸ் டூவை எழுதி முடித்தாளாம், அந்த வருஷமே. அவளுக்கு நாற்பது நெருங்குகிறது, குரல் அப்படியே உங்கள் குரல். அதைக் கேட்டதும் போனை வைத்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. வைக்கவில்லை. டம்ளர், சாம்பல், ராங் நம்பர், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

“அம்மாக்குத் தெரியும்கா” என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே டாக்டர் இன்னா இன்னா சாப்பிடறீங்கன்னு கொடைஞ்சி கொடைஞ்சி கேட்டாரு. அம்மா உமிரித் தண்ணியச் சொல்லிச்சு. அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு, உப்பத்தான் இத்தினி நாளா கரைச்சிக் குடிச்சிருக்கீங்கன்னு. நான் உங்க மேல செம கோவத்துல இருந்தேன்கா. நேர்ல வரவெச்சி நல்லா கேக்கணும்னுதான் அன்னிக்கு உங்களக் கூப்பிட்டேன். அம்மாதான் என் கையப் புடிச்சிகிட்டு, படிக்கற பொண்ணுடி, அவளுக்கே தெரிஞ்சிருக்கும், அவளா சொல்லட்டும், நீ ஒண்ணும் கேக்காதன்னு சத்தியம் வாங்கிச்சு. நீங்க வந்ததும் என்னத் தண்ணி புடிச்சிட்டு வான்னு வெளிய அனுப்பிச்சுல்ல, அதுக்குத்தான். காரியத்துல உங்க கையப் புடிச்சி அழுதப்பக்கூட நான் அந்தச் சத்தியத்த மீறல.”

“நான் போனப்புறம் அம்மா இன்னா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. பாவம், பயந்துட்டான்னு மட்டும் சொல்லிச்சு.”

அப்புறம் சுமதி அவளுடைய பிள்ளைகளைப் பற்றி ஏதோ பேசினாள். நானும் ஏதோ பேசினேன். வையுங்கக்கா, அப்புறம் பேசலாம் என்றாள். கோபமாகச் சொன்னாளா சாதாரணமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கோபமாக இருந்தால் அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

இப்போது என் வேலையில் தினம் உங்களைப் போன்றவர்கள் வருகிறார்கள். அதே வெள்ளை மாத்திரை, அதே வீங்கிய கால். உப்பு சாப்பிடாதீங்க என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை. காலையில் என்ன சாப்பிட்டீங்க, அதை எப்படிச் செஞ்சீங்க, எந்தத் தண்ணீரைக் கொட்டுனீங்க என்று ஒன்றொன்றாகக் கேட்கிறேன். பின்னால் வரிசை நீண்டு ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். என்னை நல்லவள் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். அதையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தப்புப் பண்ணிட்டேன்க்கா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், மூச்சு வாங்க வாங்க நீங்கள் என்னைக் கிழித்திருப்பீர்கள். செருப்போடு பாத்தியில் இறங்கியவளைத் திட்டியதை விடப் பத்து மடங்கு. திட்டி முடித்ததும் சாப்பிட்டியா என்று கேட்டிருப்பீர்கள். அதற்காகத்தான் மகளை வெளியே அனுப்பிவிட்டு, அந்த மூச்சை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் நல்லா இருக்குதுக்கா என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். எனக்கு அந்தத் திட்டு வேண்டும் அக்கா.